புறவாசல் வழியாக வந்த வெள்ளம்

நேயர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்தில், ஏரலுக்கு மேற்கே, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது என் ஊர். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, இப்போது ஒன்றரை ஏக்கர் வாழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது, பொறியாளர் யாரையாவது கூப்பிடுங்களேன் என்றேன். "பொறியாளர் அடுத்த வாரம் வருகிறார் சார், இந்த வாரம் நனைந்தவர் பேசட்டும்" என்றார்கள். சரி, பேசுகிறேன்.

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் வடக்குச் சுவரில் ஒரு கோடு உண்டு. தாரில் இழுத்த கறுப்புக் கோடு. பக்கத்தில் 13.11.92 என்று எழுதியிருக்கும். அன்றைக்கு மலையில் கொட்டிய மழையும் அணைகளில் திறந்த தண்ணீரும் சேர்ந்து ஆறு கரைபுரண்டது. ஊருக்குள் வந்த தண்ணீர் அந்தக் கோட்டோடு நின்றது. அதற்குப் பிறகு வீடு கட்டிய எல்லோரும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மட்டம் எடுத்தார்கள். "தொண்ணூத்திரெண்டுக்கே இம்புட்டுத்தான் வந்துச்சு" என்பது எங்கள் ஊரில் சாஸ்திரம் மாதிரி. நான் வீடு கட்டும்போதும் கொத்தனாரிடம் அதைத்தான் சொன்னேன். கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி ஏற்றித் தளம் போட்டோம். "இதுக்கு மேல ஏத்தினா வீட்டுக்கு ஏணி வைக்கணும் சார்" என்றார் அவர்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி ஒன்றாம் தேதி. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட ஆள் போக முடியாத அளவுக்கு விடியும் முன்பே மழை. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. தொலைக்காட்சியில் அந்தப் படகுகளைப் பார்த்துப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருந்தோம். நமக்கு வந்ததற்குப் புயல் என்ற பெயர்கூடக் கிடையாது. குமரிக்கடல் பக்கம் வளிமண்டலத்தில் ஒரு சுழற்சி, அவ்வளவுதான். பெயர் வைத்து வருகிற புயலுக்கு ஜனங்கள் மெழுகுவத்தியும் பாலும் வாங்கி வைப்பார்கள். பெயரில்லாமல் வந்ததை மழைதானே என்று விட்டுவிட்டோம். 'மிகக் கனமழை' என்று செய்தியில் சொன்னார்கள்தான். ஒவ்வொரு மார்கழியிலும் சொல்கிறார்களே என்றுதான் நினைத்தோம்.

மத்தியானம் கரண்ட் போனது. சாயங்காலம் செல்போனும் போனது. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் முன்வாசலில் நின்று, டார்ச் அடித்து, ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளம் வந்தால் வடக்கே இருந்துதான் வர வேண்டும், ஆறு அங்கேதானே இருக்கிறது? தெருமுனை வரை தண்ணீர் தெரியவில்லை. சரி, இன்றைக்குத் தப்பித்தோம் என்று திரும்பினால், புறவாசலிலிருந்து என் மனைவி கத்துகிறாள். தொழுவத்தில் பசு கத்துகிறது. அடுப்படிக்குள் பாத்திரங்கள் மிதக்கின்றன. நான் ஆற்றைக் காவல் காத்துக்கொண்டிருந்த நேரத்தில், வெள்ளம் பின்பக்கமாக, குளத்துப் பக்கத்திலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது.

எண்பத்து நான்கு வயது அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிப்படியில் ஏற்றினோம். பசுவின் கயிற்றை அறுத்துவிட்டதும் அது தானாக மேட்டுப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொண்டது. கன்று போகவில்லை. அதைப் பற்றி வேண்டாம்.

ஏன் இப்படி ஆயிற்று என்று சொல்லத்தான் வந்தேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கச் சேர்த்துப் பெய்வதே சராசரியாக 65 சென்டிமீட்டர் அளவுதான். வறண்ட மாவட்டம், தேரி என்கிற செம்மணல் பூமி. மழை இல்லையென்றுதான் இங்கே உப்பு விளைகிறது. அந்த ஊரில் ஒன்றரை வருட மழை ஒரே நாளில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டீக்கடையில் இன்றைக்கும் கேட்டால், "அணையத் தொறந்து விட்டுட்டானுவ வே" என்றுதான் பதில் வரும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று அணைகளின் உயரத்தை எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் மதிப்பெண் மாதிரி ஒப்பிப்பார்கள். மலையிலும் பெய்தது, மாஞ்சோலையில் 55 சென்டிமீட்டர். அணைகளில் தண்ணீர் திறந்ததும் உண்மை, திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்துக்குள் போனதும் உண்மை. ஆனால் மழையின் பெரும்பங்கு இந்தத் தடவை அணைகளுக்குக் கீழே, சமவெளியில், கடற்கரை வரை பெய்தது. அங்கே பெய்ததைப் பிடித்து வைக்க எந்த அணையும் கிடையாது. பிடித்து வைக்க இருந்தவை குளங்கள்தான்.

தாமிரபரணியில் தண்ணீரைத் தேக்கி வைக்காமல் கால்வாய்க்குத் திருப்பிவிடுகிற 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், அவற்றை நம்பி 186 குளங்கள். கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதிலிருந்து வடகால் ஒரு பக்கம், தென்கால் ஒரு பக்கம் போகிறது. குளங்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகக் கோத்த மாதிரி இருக்கும். மேல் குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் மறுகாலாகப் பாய்ந்தால் கீழ்க் குளத்துக்கு வரும். தண்ணீர் அளவாக வருகிற வருடத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அளவு தப்பினால் இதே கோவைதான் வினையாகிறது. மேலே ஒரு கரை உடைந்தால் அந்தக் குளத்தின் தண்ணீர் மொத்தமும் ஏற்கெனவே நிரம்பித் தளும்புகிற அடுத்த குளத்தின் தலையில் விழும். தூத்துக்குடி நகரத்துக்குப் பக்கத்தில் கோரம்பள்ளம் குளம் உடைந்தது உங்களுக்குத் தெரியும். நகரத்தின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது அதனாலும்தான். எங்கள் ஊர்க் குளத்துக்கு ஆற்றுத் தண்ணீர் தென்கால் வழியாக வரும். தெற்கே மேட்டுக்காட்டில் பெய்த மழையும் அதே குளத்துக்குத்தான் ஓடிவரும். அந்த ராத்திரி இரண்டும் சேர்ந்து வந்தன. மறுகால் ஓடையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அது ஓடையாகவா இருந்தது? பாதியில் சீமைக்கருவேலம், மீதியில் ஆகாயத்தாமரை. கரையை ஒட்டி வாழை வைத்தவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. தண்ணீர் தன் பாதையில் போக முடியாமல் எங்கள் தெருவைப் பாதையாக எடுத்துக்கொண்டது.

ஆக, சுவரில் இருந்த கோடு பொய் சொல்லவில்லை. அது ஆற்று வெள்ளத்தின் கோடு. குளத்து வெள்ளத்துக்கு யாரும் கோடு போட்டு வைக்கவில்லை.

எச்சரிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மத்தியானம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும் என்றது. பள்ளிக்கூடத்தில் கணக்கும் அறிவியலும் நடத்தியவன் நான். ஒரு கன அடி என்றால் 28 லிட்டர், ஏறக்குறைய இரண்டு குடம், அது வினாடிக்கு ஒரு தடவை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அத்தனை ஆயிரம் குடம் என் வீட்டுப் படியில் எந்தப் படி வரை வரும் என்பதை எந்தக் கணக்கில் போட? எங்கள் தாத்தா காலத்தில் ஆற்றுக்குள் இருக்கிற கல்மண்டபத்தைக் காட்டித்தான் பேசுவார்கள். மண்டபத்துப் படி முங்கிவிட்டதா, தூண் பாதி முங்கிவிட்டதா, ஆட்டை மாட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பு. அந்தப் பேச்சு குழந்தைக்கும் புரியும். 'குளம் மறுகால் போகிறது, கரை கசிகிறது, கீழத்தெருக்காரர்கள் மேட்டுப் பக்கம் போங்கள்' என்று ஒருவர் வந்து சொல்லியிருந்தால் என் கன்று இருந்திருக்கும்.

அதே ராத்திரிதான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய், இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்தினார்களே, அதுதான் பெரிய புண்ணியம். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். ஹெலிகாப்டர் வந்தது, பத்திரிகைகளில் படம் வந்தது. பாராட்டினது சரிதான். பொங்கிப் போட்டவர்களுக்கும் அந்த நாளில் கடை கிடையாது, பால் கிடையாது, கரண்ட் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். அந்தத் தடத்தில் மறுபடி ரயில் ஓடுவதற்கு ஜனவரி ஆகிவிட்டது. ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிற புன்னைக்காயலுக்கோ ரயிலும் இல்லை, பாதையும் போய்விட்டது. அங்கே எந்தப் பத்திரிகைக்காரர் முதலில் போய்ச் சேர்ந்தாரோ தெரியாது.

வெள்ளம் வடிந்த பிறகு வந்த நாட்கள்தான் நீளமானவை.

முதல் பிரச்சினை குடிதண்ணீர். சுற்றிலும் தண்ணீர் கிடக்க, குடிக்கச் சொட்டு இல்லை. ஆற்றுக்குள் இருக்கிற உறைகிணறுகளிலிருந்துதான் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். வெள்ளம் அந்தக் குழாய்களையும் மோட்டாரையும் சாய்த்துவிட்டது. வீட்டுக் கிணற்றில் சேறு. மாடியில் அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடித்த வீடுகள் தப்பித்தன. மழையை வைதுகொண்டே அதைப் பிடித்துக் குடித்தோம்.

அப்புறம் சேறு. அரையடி வண்டல், நாற்றத்தோடு. மெத்தை, தலையணை, நெல்மூட்டை எல்லாம் தெருவில். பட்டா, ஆதார், பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் மாடியில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்துக் காயப்போட்டிருந்தார்கள். வடகம் காயப்போடுகிற மொட்டை மாடியில் ஒரு குடும்பத்தின் சரித்திரமே காய்ந்தது.

வயலில் அப்போதுதான் பிசான நெல்லுக்கு நட்டிருந்தோம். நாற்றின் மேல் மணல் படிந்து வயல் திடலாகக் கிடந்தது. பொங்கலுக்கு வெட்ட வேண்டிய ஏத்தன் வாழை தாரோடு சாய்ந்தது. ஆத்தூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் அழுகின. அந்த வருடம்தான் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துச் சந்தோஷப்பட்டிருந்தார்கள். நிவாரணம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கிடைத்தது. சேற்றை வாரிப்போட்ட கூலிக்கே அது சரியாகப் போயிற்று. பயிருக்கான இழப்பீடுதான் சிக்கல். அதற்கு, எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதிய அடங்கல் என்கிற அரசுக் கணக்கு வேண்டும், அதில் பெயர் வேண்டும். இந்தக் கரையில் உழுகிறவர்களில் நிறையப் பேர் வாய்வழிக் குத்தகைக்காரர்கள். நிலம் யார் பெயரிலோ, வாழை இவர்கள் கடனில். நட்டவன் கையில் காகிதம் இல்லையென்றால் அவன் வாழை சாய்ந்ததற்கு என்ன அத்தாட்சி? இதற்கு எனக்குப் பதில் தெரியும் என்று நான் நடிக்கப் போவதில்லை.

எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சிக்குப் போனது அரிசி, பருப்பு மட்டும் இல்லை. பற்று நோட்டு போய்விட்டது. மை கரைந்து, எல்லாப் பக்கமும் ஒரே நீலம். ஊரில் பாதிப் பேர் அவருக்குக் கடன். மூன்றாம் வாரம் ஒவ்வொருவராக வந்து, "அண்ணாச்சி, எனக்கு ஆயிரத்து நூறு இருந்துச்சு" என்று சொல்லிப் புது நோட்டில் எழுதவைத்தார்கள். எல்லோரும் வந்தார்களா என்று கேட்டேன். "நாலு பேர் வரலை சார். யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். எனக்கும் சொன்னார். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

போன வருடம் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தபோது பழைய கோட்டின் மேலேயே பூசிவிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் சத்தம் போட்டு மறுபடி எழுதவைத்தோம். இந்தத் தடவை தெற்குச் சுவரிலும் ஒரு கோடு வேண்டும் என்றேன், குளத்தைப் பார்த்த சுவரில். பெயிண்டர் 18.12.2023 என்று எழுதிவிட்டுக் கோட்டுக்கு ஏணி மேல் ஏறினார். வடக்குச் சுவரின் கோட்டுக்கு ஏணி தேவைப்படவில்லை. குளத்தின் மறுகால் ஓடையைத் தூர்வார மனுக் கொடுத்திருக்கிறோம். என் வாழையைக் கரையிலிருந்து எடுத்துவிட்டேன். பக்கத்து வயல்காரர் இன்னும் எடுக்கவில்லை. அவரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா இன்னும் இருக்கிறாள். முன்பெல்லாம் மழை இறுகினால் "ஆத்துல தண்ணி எம்புட்டு போகுது?" என்பாள். இப்போது ஆற்றைக் கேட்பதில்லை. "குளத்தங்கரைக்குப் போய்ப் பாத்துட்டு வா" என்று குடையை எடுத்து நீட்டுகிறாள். இன்றைக்குக் காலையிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இங்கே பஸ் ஏறினேன். மறுகாலுக்கு இன்னும் இரண்டு அடி இருக்கிறது.

வணக்கம்.