வருடம் முழுக்கத் திராட்சை! கம்பத்துக்காரர்கள் கையில் இருக்கும் ரகசியம்

நாசிக் தோட்டத்தில் திராட்சை வருடத்துக்கு ஒரே அறுப்பு. நம் தேனி மாவட்டத்துக் கம்பத்திலோ இரண்டு வருடத்தில் ஐந்து அறுப்பு வரை எடுக்கிறார்கள். ஏதாவது மந்திர மருந்தா? இல்லை. ஒரு கத்தரிக்கோல், அவ்வளவுதான்!

முதலில் மாவட்டத்தைப் பற்றி ஒரே மூச்சில்: 1996-ல் மதுரையிலிருந்து பிரிந்தது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி, போடி என்றால் ஏலக்காய். சரி, பாடம் முடிந்தது. தோட்டத்துக்குள் போவோம்.

தலையைக் குனிந்து வாருங்கள். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல் போட்டிருக்கிறார்கள். அதில் கறுப்புக் கறுப்பாகத் தொங்குவதுதான் பன்னீர் திராட்சை. வாசனைக்காக வந்த பெயர். புத்தகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போய்விடும். வசந்தம் வந்து எழுப்பினால்தான் துளிர்க்கும். கம்பத்தில் அந்தக் குளிர் ஏது? கொடிக்குத் தூக்கமே கிடையாது. அதனால் எழுப்பும் வேலையை விவசாயியே எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பெயர் கவாத்து. பழைய கிளைகளை வெட்டிவிட்டால் புதுத் துளிர் வரும், துளிரோடு பூ வரும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். அப்புறம் கொஞ்சம் ஓய்வு, மறுபடி கவாத்து.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், நாள் குறிப்பது கொடி இல்லை, ஆள்! ஒருவர் தோட்டத்தில் அறுப்பு நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் பூ விட்டிருக்கும். இப்படி ஆளுக்கொரு நாளில் வெட்டுவதால்தான் எந்த மாதம் போனாலும் சுருளிப்பட்டி பக்கம் பழம் கிடைக்கிறது. 'இப்போ சீசனா?' என்று கேட்டுவிடாதீர்கள், சிரிப்பார்கள்.

கத்தரிக்கோல் மட்டும் போதுமா? தண்ணீர் வேண்டாமா? அங்கேதான் கதை மலையேறுகிறது. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. பென்னிகுயிக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்து அணை கட்டி, மலையைக் குடைந்து, அதன் தண்ணீரைக் கிழக்கே, கம்பம் பக்கம் திருப்பினார்கள். 1895-ல் திறந்த அணை. சுர்க்கி என்றால் வேறொன்றுமில்லை, சுட்ட செங்கல் பொடி! லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15, அவர் பிறந்தநாள். பொங்கல் சமயம் வேறு. பாலார்பட்டிக்காரர்கள் அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு இப்படி ஒரு மரியாதை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? தெரிந்தால் சொல்லுங்கள், கிளம்பி வருகிறேன்.

சுருளி அருவியில் குளியல், மேகமலையில் தேயிலைத் தோட்டம்: இரண்டுக்கும் தனி வீடியோ வரும், சப்ஸ்கிரைப் செய்துவிட்டுக் காத்திருங்கள்.

போனால் தோட்டத்து வாசலிலேயே பழம் வாங்குங்கள். பன்னீர் திராட்சையில் விதை உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். நான் மென்று விழுங்கும் கட்சி. எங்கள் வீட்டில் எல்லோரும் துப்பும் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி? கமெண்ட்டில் போடுங்கள், ஆதரவு தேவைப்படுகிறது.