விழுந்தால் மூன்று ஆண்டுகளில் மரணமா? கியோட்டோவின் 46 படிகள்

[காட்சி: கல்படிகளில் இறங்கும் கால்கள், மிக அருகில்]

இந்தப் படிகளில் இடறி விழுந்தவர் மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவார் என்பது ஜப்பானின் கியோட்டோ நகரில் வழங்கிவரும் பழைய நம்பிக்கை. இடத்தின் பெயரே சன்னென்சாக்கா, அதாவது மூன்றாண்டுச் சரிவு.

பின்னணி சுருக்கமாக: 778-இல் தோன்றியதாகக் கூறப்படும் கியோமிசு கோயிலுக்குச் செல்லும் வழி இது.

இனி பெயருக்கு வருவோம். 1976-இல் இப்பகுதி பாரம்பரியக் கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதியாகத் தேர்வானபோது பதிவான பெயர் சன்னெய்சாக்கா. ஒலி சற்றே மாறுகிறது, பொருளோ தலைகீழாகிவிடுகிறது. ‘சன்’ என்றால் பிள்ளைப்பேறு, ‘நெய்’ என்றால் நலம். நம் சொல்லில் சுகப்பிரசவச் சரிவு! சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் வணங்கும் கோயாசு என்னும் மூன்றடுக்குக் கோபுரம், 1911-இல் இடம் மாற்றப்படும் வரை கோயிலின் நுழைவாயில் அருகிலேயே இருந்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, மழையில் நனைந்த கல்லில், தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாத நிலையில் இங்கே இறங்குவதை எண்ணிப் பாருங்கள். “பார்த்து நட” என்றால் யாரும் கேட்பதில்லை. “விழுந்தால் உயிர் போய்விடும்” என்றால் ஒவ்வோர் அடியும் நிதானமாக விழும். அக்கறைதான் இங்கே அச்சமாக வேடமிட்டிருக்கிறது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

[காட்சி: படிகளின் அடியில் ஒரு கடை]

விழுந்தே விட்டால்? அதற்கும் இங்கே வழி உண்டு. படிகள் முடியும் இடத்திலேயே சுரைக்குடுவைக் கடை இருக்கிறது. காய்ந்து இறுகிய, இடை சிறுத்த குடுவைகள் சிறியதும் பெரியதுமாகத் தொங்குகின்றன. விழுந்தவரின் உடலை விட்டு நழுவும் உயிரை அந்தக் குடுவை உறிஞ்சி வைத்துக் காக்கும் என்று சொல்கிறார்கள். எவ்வளவு அழகான கற்பனை!

அடுத்த சரிவான நினென்சாக்காவில் கெடு இரண்டே ஆண்டுகள். அதைத் தாண்டினால் 1440-இல் மீண்டும் எழுப்பப்பட்ட யசாகா கோபுரம் தெரியும். அதன் உயரமும் 46 மீட்டர்.

செல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. அப்போதே மேலே சென்று, கடைகள் திறக்கும் முன் இறங்கி வாருங்கள். கூட்டத்தில் மறைந்துபோகும் படிகளை அந்த நேரத்தில்தான் முழுமையாகக் காணலாம். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, கல்லைப் பார்த்து இறங்குங்கள்.