சென்னையில நில அதிர்வு, ரோட்டுல முதலை: கொஞ்சம் நிதானமா பேசலாமா?

வணக்கம் மக்களே! இன்னிக்கு மொட்டை மாடியிலேர்ந்து பேசறேன். கீழ வீட்டுல சொந்தக்காரங்க வந்திருக்காங்க, ஒரே சத்தம். காத்து மைக்ல அடிச்சா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

விஷயத்துக்கு வர்றேன். ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட் சுத்திக்கிட்டு இருக்கு, உங்களுக்கும் வந்திருக்கும். மேல ஒரு முதலை, கீழ பொளந்து கெடக்கற ரோடு, நடுவுல சிவப்பு எழுத்துல "சென்னைக்கு என்ன ஆச்சு? பூமி ஆடுது, மிருகம் ஊருக்குள்ள வருது, இது எதுக்கு அறிகுறி?"ன்னு. எங்க பெரியம்மா எனக்கு அனுப்பிட்டு, "நீ வேற தாம்பரம் பக்கம் இருக்கே, ஜாக்கிரதை"ன்னு வாய்ஸ் நோட்டும் போட்டிருக்காங்க. அந்த பொளந்த ரோடு நம்ம ஊரே கிடையாது. ஓரத்துல தெரியற போர்டைப் பாருங்க, எந்த நாட்டு எழுத்துன்னே தெரியல. ஆனா முதலை நெஜம். அதனால முதலையிலேர்ந்து ஆரம்பிக்கலாம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3, 4 ரெண்டு நாளும் மழை கொட்டித் தீர்த்துச்சே, அப்போதான். பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் ரோடு. காருக்குள்ள உட்கார்ந்துக்கிட்டே யாரோ எடுத்த வீடியோ. ஹெட்லைட் வெளிச்சம், ஈர ரோடு, குறுக்கால ஒரு முதலை நடந்து போகுது. ஓடல, சீறல. வயித்தை லேசா தூக்கி, நாலு காலையும் ஊனி, ரோட்டைத் தாண்டி செடிக்குள்ள போயிடுச்சு, அவ்வளவுதான். உலகம் முழுக்க அந்த வீடியோ ஓடுச்சு.

அப்போ வனத்துறைச் செயலாளரா இருந்த சுப்ரியா சாகு அன்னிக்கே விளக்கம் குடுத்தாங்க. சென்னையைச் சுத்தி இருக்கற பல நீர்நிலைகள்ல இந்த முதலைகள் கொஞ்சம் இருக்கு, கூச்ச சுபாவம், மனுஷங்களைப் பார்த்தா ஒதுங்கித்தான் போகும், மழையில ஏரி நிரம்பி வழிஞ்சதால வெளிய வந்திருக்குன்னு. நம்ம ஆளுங்க அதைப் படிச்சுட்டு "என்னது, ஏரியில முதலை இருக்கா?"ன்னு அதுக்கும் ஷாக் ஆனாங்க. நெடுங்குன்றம், சதானந்தபுரம் பக்கத்துல போய்க் கேளுங்க. ஏரியில முதலை இருக்குன்னு அந்த ஊர்க்காரங்க பல வருஷமா சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. மாடு மேய்க்கறவங்களுக்குத் தெரியும், மீன் புடிக்கறவங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் புதுசா ஃபிளாட் வாங்கிப் போனவங்களுக்குத்தான் தெரியாது. பத்திரத்துலயா எழுதுவாங்க, "கிழக்கே ஏரி, ஏரிக்குள்ளே முதலை"ன்னு?

இது சதுப்புநில முதலை. ஏரி, குளம், ஆறு, நல்ல தண்ணியிலதான் இருக்கும். மீன், தவளை, பறவை, சில சமயம் நாய். கோடையில தண்ணி வத்திடுச்சுன்னா கரையில பொந்து தோண்டி உள்ள படுத்துக்கும், இல்லன்னா அடுத்த ஏரிக்கு நடந்தே போகும். அந்த நடக்கற வழியில நாம ரோடு போட்டிருக்கோம். ரோட்டு மேல நின்னுக்கிட்டு "முதலை ஊருக்குள்ள வந்துடுச்சு"ன்னு சொல்றோம். எனக்கு இதுல பெரிய தத்துவம் எல்லாம் பேச ஆசை இல்ல. ஆனா அந்த ஃபார்வர்ட்ல "வருது, வருது"ன்னு போட்டிருக்கான் பாருங்க, அங்கதான் தப்பு. அது இங்கயேதான் இருக்கு.

இன்னொண்ணு. 2015 வெள்ளம் ஞாபகம் இருக்குல்ல? அப்போ ஈ.சி.ஆர்-ல இருக்கற முதலைப் பண்ணையிலேர்ந்து நாப்பது முதலை தப்பிச்சுடுச்சுன்னு கெளப்பி விட்டாங்க. மக்கள் தண்ணியில இறங்கி நடக்கவே பயந்தாங்க. பண்ணைக்காரங்க "ஒண்ணுகூட போகல, எல்லாம் உள்ளதான் இருக்கு"ன்னு மறுப்பு குடுத்தாங்க. இல்லாத நாப்பது முதலைக்கு நடுங்கினோம். இருக்கற அஞ்சாறு முதலை எந்த ஏரியில இருக்குன்னு யாரும் விசாரிக்கல.

முதலை மட்டுமா? கிண்டி தேசிய பூங்கா, 1978-ல அறிவிச்சது, மொத்தமே 270 ஹெக்டேர், ஊருக்கு நட்ட நடுவுல. புள்ளிமான் இருக்கு, வெளிமான் இருக்கு, நரி இருக்கு. பக்கத்துல ஐ.ஐ.டி. கேம்பஸ், அதுவும் பழைய கிண்டிக் காட்டுல ஒரு பகுதிதான். அங்க படிச்சவங்களைக் கேட்டா, ஹாஸ்டல் வாசல்ல மான், ரூமுக்குள்ள குரங்குன்னு ஆளுக்கு ஒரு கதை வெச்சிருப்பாங்க.

அப்புறம் மரநாய். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பழைய வீடுகள்ல இருக்கறவங்க இப்போ சிரிப்பீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபால்ஸ் சீலிங் மேல யாரோ பொட்டியை இழுக்கற மாதிரி சத்தம். பெருச்சாளின்னு நினைச்சு கட்டையால தட்டுவோம், அது பேசாம இருந்துட்டு மறுபடி ஆரம்பிக்கும். என் ஃபிரெண்ட் வீட்டுல ஒரு நாள் பார்த்தேன். மதில் மேல நடந்து போச்சு, பூனையைவிட நீளம், சாம்பல் உடம்பு, கண்ணைச் சுத்தி முகமூடி போட்ட மாதிரி கறுப்பு, உடம்பு நீளத்துக்கு வால். நின்னு என்னைப் பார்த்தது. பக்கத்து வீட்டு சப்போட்டா மரத்துல ஏறி ஒரு பழத்தை உருட்டித் தள்ளிட்டு, வேற பழத்தைச் சாப்பிட்டது. அம்மாம் திமிரு! தென்னந்தோப்பு இருக்கற ஊர்ல பானைக் கள்ளையே குடிச்சிட்டுப் போயிடும். இதெல்லாம் காட்டுலேர்ந்து வழி தவறி வந்தது இல்ல, மக்களே. பரம்பரைக் குடித்தனம்.

சரி, இப்போ நிலநடுக்கம். என்னால மறக்க முடியாத தேதி 2012 ஏப்ரல் 11. அப்போ நான் ஓ.எம்.ஆர்-ல ஒரு கம்பெனியில, ஒன்பதாவது மாடி. சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கேன், தலை லேசா சுத்துது. சரி, வெயில், பி.பி.ன்னு நினைச்சேன். எதிர்ல இருந்த அக்காவும் நெத்தியைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் பார்த்தா தண்ணி கேனுக்குள்ள தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரியுது. ஜன்னல் பிளைண்ட்ஸ்ல தொங்கற கயிறு எல்லாம் ஒரே சமயத்துல ஆடுது. ஒருத்தர் "ஏர்த்க்வேக்"ன்னு கத்தினார், அவ்வளவுதான். மொத்த மாடியும் லிஃப்ட் வாசல்ல. செக்யூரிட்டி அண்ணா மட்டும்தான் "படியில போங்க சார், படியில போங்க"ன்னு கத்திக்கிட்டு இருந்தார். போன் எதுவும் போகல. கீழ வந்து டீக்கடையில "அண்ணா, ஆடிச்சு பார்த்தீங்களா?"ன்னு கேட்டா, அவர் பால் ஆத்திக்கிட்டே "இங்க ஒண்ணுமே தெரியலையேம்மா"ங்கறார்.

இதுதான் எனக்குப் பெரிய புதிரா இருந்துச்சு. மேல அப்படி ஆடுது, கீழ ஒண்ணும் இல்ல. எப்படி? அன்னிக்கு ஆடினது சுமத்ரா பக்கம், நடுக்கடல்ல, 8.6 அளவு. இங்கேர்ந்து ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். மதியம் 2:08-க்கு அங்க ஆரம்பிச்சது, நம்மளை ஆட்டற அலை இங்க வந்து சேர ஏழெட்டு நிமிஷம். அவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள படபடன்னு வேகமா அடிக்கற அதிர்வெல்லாம் வழியிலேயே செத்துடும். மெதுவா, நீளமா ஆடற அலை மட்டும்தான் மிச்சம் இருக்கும். சின்ன வீட்டுக்கு அந்த ஆட்டம் உறைக்காது. உயரமான கட்டடத்துக்கு, பத்து மாடின்னா தோராயமா ஒரு செகண்டுக்கு ஒரு ஆட்டம்னு இயல்பாவே ஒரு தாளம் உண்டு. வர்ற அலையோட தாளமும் அதுக்கு ஒத்துப் போச்சுன்னா ஆட்டம் ஏறிக்கிட்டே போகும். ஊஞ்சலை அது வர்ற நேரம் பார்த்துத் தள்ளினா சின்னக் குழந்தை தள்ளினாலும் உசரப் போகும்ல, அதே கதைதான். கீழ களிமண்ணு, சதுப்பு மண்ணா இருந்தா ஆட்டம் இன்னும் கூடும். ஓ.எம்.ஆர். எதுக்குப் பக்கத்துல இருக்கு? பள்ளிக்கரணை சதுப்பு நிலம். புரியுதா?

அன்னிக்கு சுனாமி எச்சரிக்கை குடுத்தாங்க, மெரினாவைக் காலி பண்ணாங்க. பெருசா ஒண்ணும் வரல. "பாரு, சும்மா பயமுறுத்தினாங்க"ன்னு இன்னிக்கும் சொல்றவங்க இருக்காங்க. சும்மா இல்ல. பூமியோட மேல் ஓடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளா இருக்கு. 2004-ல ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில சொருகி, கடலடித் தரை மேல தூக்கிச்சு. தரை தூக்கினா தண்ணி தூக்கும். 2012-ல தரை பக்கவாட்டுல உரசி நகர்ந்துச்சு, தண்ணியைப் பெருசா தூக்கல. ஆனா ஆடின முதல் நிமிஷத்துல அது எந்த ரகம்னு யாருக்கும் தெரியாது. அதனால காலி பண்ணச் சொன்னது ரொம்ப சரி. 2004 டிசம்பர் 26, காலையில 6:28-க்கு அங்க ஆடிச்சு. இங்க அலை வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு. சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. அதுக்கப்புறம்தான் 2007-ல ஹைதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்துச்சு.

நம்ம பக்கத்துலயே ஆடினதும் உண்டு. 2001 செப்டம்பர் 25, ராத்திரி எட்டரை மணி வாக்குல, புதுச்சேரிக்கு நேரா கடல்ல, 5.5. சென்னை முழுக்க ஜனங்க தெருவுல நின்னாங்க, பாயைப் போட்டு வெளியவே படுத்தாங்க. அந்த வருஷம் ஜனவரியில குஜராத் பூகம்பத்தைப் பார்த்த பயம் வேற. அடுத்த வருஷமே, 2002-ல, சென்னையை நிலநடுக்க மண்டலம் 2-லேர்ந்து 3-க்கு, அதாவது ஆபத்து கொஞ்சம் கூடுதலான வகைக்கு, மாத்தினாங்க. அப்புறம் 2019 பிப்ரவரியில ஒரு தடவை வங்கக் கடல்ல, 2021 ஆகஸ்ட் 24 மதியம் மறுபடி, 5.1. அடையாறு, திருவான்மியூர் பக்கம் நிறைய பேர் உணர்ந்தாங்க. ஒவ்வொரு தடவையும் தலைப்பு ஒண்ணுதான்: "சென்னையில் திடீர் நில அதிர்வு." திடீர்னு வராம, பத்திரிகை அடிச்சு வெத்தலை பாக்கோடயா வரும்?

ஆடாமலே ஆடின கதையும் இருக்கு. 2023 பிப்ரவரி 22, அண்ணா சாலை. ஆபீஸ்ல இருந்தவங்க கட்டடம் அதிருதுன்னு வெளிய ஓடி வந்தாங்க. தேசிய நில அதிர்வு மையம், நிலநடுக்கம் எதுவும் பதிவாகலைன்னு சொல்லிடுச்சு. மெட்ரோ தரப்புலயும் எங்க வேலையால இல்லைன்னு சொன்னாங்க. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் துருக்கியில அவ்வளவு பெரிய பூகம்பம், டி.வி.யில ராத்திரி பகலா இடிபாடுதான். ஓடி வந்தவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஒன்பதாவது மாடியில உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியும்.

அடுத்து, ஃபார்வர்ட்ல இருக்கற கடைசி வரி. "மிருகங்களுக்கு முன்னாடியே தெரியும்." இதுல ஒரு துளி உண்மை இருக்கு. பூகம்பத்துல முதல்ல வேகமான அலை ஒண்ணு வரும், அது லேசானது. பின்னாடி வர்றதுதான் நல்லா ஆட்டும். அந்த முதல் அலை நமக்கு உறைக்காது, நாய்க்கு உறைக்கலாம். சில செகண்ட் முன்னாடி குரைக்கும். நாள் கணக்கா முன்னாடி தெரியும்ங்கறதுக்குத்தான் ஆதாரம் இல்ல. சுனாமியப்போ இலங்கை யால காட்டுல யானைங்க முன்கூட்டியே ஓடிடுச்சுன்னு பேசினாங்கள்ல? அங்க சில யானைகளுக்கு ஏற்கெனவே கழுத்துப்பட்டை மாட்டி கண்காணிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பதிவைப் பார்த்தா, தப்பிச்சு ஓடின மாதிரி எதுவும் இல்ல. அப்புறம் நெடுங்குன்றம் முதலை ஏன் வெளிய வந்துச்சுன்னா, மழைக்கு. ஏரி வழிஞ்சா நாமளும்தான் வெளிய வந்தோம்.

நாய் குரைக்கற வேலையை இப்போ போனே செய்யும். ஆண்ட்ராய்டு போன்ல நிலநடுக்க எச்சரிக்கை வசதி 2023 செப்டம்பர்லேர்ந்து இந்தியாவுக்கு இருக்கு. செட்டிங்ஸ்ல போய், பாதுகாப்பு - அவசரநிலைன்னு இருக்கும், அதுக்குள்ள எர்த்க்வேக் அலர்ட்ஸ், ஆன்ல இருக்கான்னு பாருங்க. நிஜமா ஆடிச்சுன்னா லிஃப்ட் பக்கம் போகாதீங்க, மேஜைக்கு அடியில போய் அதோட காலைப் புடிச்சுக்கோங்க, நின்னதுக்கப்புறம் படியில இறங்குங்க. கடற்கரையில இருக்கும்போது ஆட்டம் பலமா தெரிஞ்சா மெசேஜுக்குக் காத்திருக்காம ஊர்ப் பக்கம் நடங்க. வீட்டுல பாம்பு, மரநாய் மாட்டிக்கிச்சுன்னா கட்டையைத் தூக்காதீங்க, 101-க்கு அடிங்க, தீயணைப்புக்காரங்க வருவாங்க. மழை ராத்திரியில ஏரிக்கரை ரோட்டுல போனீங்கன்னா டார்ச் அடிச்சுப் பாருங்க. தண்ணி மட்டத்துல ரெண்டு நெருப்புத் துண்டு மாதிரி கண்ணு மின்னிச்சுன்னா வண்டியைத் திருப்புங்க. இறங்கி செல்ஃபி வேணாம். நடக்கும்போது சாதுவா தெரியும், பாயறது கண் மூடித் திறக்கறதுக்குள்ள.

ஒரு உதவி மட்டும் வேணும். நெடுங்குன்றம், வண்டலூர், பெருங்களத்தூர் ஏரிங்க பக்கத்துல சின்ன வயசுலேர்ந்து இருக்கறவங்க, நீங்க முதல் முதல்ல முதலை பார்த்தது எந்த வருஷம்னு கமெண்ட்ல போடுங்க. உங்க அப்பா, தாத்தா பார்த்திருந்தா அதையும். வருஷம் மட்டும் போதும். எந்த ஏரி, எந்தக் கரைன்னு லொக்கேஷன் மட்டும் போட்டுடாதீங்க. ஞாயித்துக்கிழமை அங்க நூறு பேர் ரீல்ஸ் எடுக்க நிப்பான், அப்புறம் அந்த முதலையைப் புடிக்கச் சொல்லி மனு குடுப்பான். லொக்கேஷன் போட்ட கமெண்ட்டை நான் தூக்கிடுவேன், கோச்சுக்காதீங்க. வர்றேன் மக்களே, பெரியம்மாவுக்கு பதில் வாய்ஸ் நோட் போடணும்.