ஜார்ஜ் ரேனரின் மூன்று அணிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் வட்டார லீக்குகளிலும் பிள்ளைகளுக்குக் காற்பந்து பழக்கும் பயிற்றுநர்கள் பலர் இன்று இந்த பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்திற்கு வந்திருப்பதால், சொந்த நாட்டில் உரிய மதிப்பைப் பெறாத ஜார்ஜ் ரேனரைப் பற்றிப் பேச விழைகிறேன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1907இல் பிறந்த ரேனர், ராதர்ஹம், பரி, ஆல்டர்ஷாட் ஆகிய கிளப்புகளில் ஆடிய, பெரிய பெயர் எதுவும் எடுக்காத ஆட்டக்காரர். போர்க்காலத்தில் ராணுவ உடற்பயிற்சி ஆசிரியராக பாக்தாத்தில் இருந்தபோது அங்கே ஓர் அணியை உருவாக்கிக் காட்டினார். அதன்பின் 1946இல், இங்கிலாந்து காற்பந்துச் சங்கச் செயலாளர் ஸ்டான்லி ரவுஸின் பரிந்துரையால் சுவீடனின் பயிற்றுநரானார்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுவீடன் தங்கம் வென்றது. அரையிறுதியில் டென்மார்க்கின் தற்காப்பு வீரர்கள் முன்னேறிவிட, தாம் ஆஃப்சைடில், அதாவது அவர்களைத் தாண்டிக் கோலுக்கு அருகில் விதிக்கு மாறான இடத்தில் நிற்பதை உணர்ந்த குன்னர் நோர்டால், ஆட்டத்திலிருந்து விலகுவதற்காக எதிரணியின் கோல் வலைக்குள்ளேயே பாய்ந்தார். கார்ல்சன் தலையால் முட்டிய பந்து அவர் நின்ற வலைக்குள் வந்து விழுந்து கோலானது. அத்தகைய ஆட்டக்காரர்களை இத்தாலி விட்டுவைக்குமா? நோர்டால், கிரென், லிட்ஹோல்ம் மூவரையும் மிலான் கிளப் வாங்கிக்கொண்டது. பணம் பெற்று ஆடுவோரைத் தேசிய அணியில் சேர்ப்பதில்லை என்பது அன்றைய சுவீடன் சங்கத்தின் விதியாதலால், ரேனர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அந்தப் புதிய அணி 1950 உலகக் கிண்ணத்தில், நடப்பு வெற்றியாளரான இத்தாலியை 3-2 என வீழ்த்தி மூன்றாம் இடம் பெற்றது. அதே போட்டியில்தான் இங்கிலாந்து அமெரிக்காவிடம் 0-1 எனத் தோற்றது. ஸ்கோக்லுண்ட், யெப்சன் போன்றோரையும் இத்தாலிய கிளப்புகள் அழைத்துக்கொள்ள, அவர் திரட்டிய மூன்றாவது அணி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. இங்கிலாந்தை வெம்ப்ளியில் 6-3 எனத் தகர்த்த ஹங்கேரியை, அதற்குப் பத்து நாள்களுக்கு முன் புடாபெஸ்ட்டிலேயே சுவீடன் 2-2 எனச் சமன் செய்திருந்தது.

வெளிநாட்டில் ஆடுவோரையும் சேர்க்கலாம் என்றான பின், 1958இல் அவர் சுவீடனை உலகக் கிண்ண இறுதியாட்டம்வரை கொண்டுசென்றார். லிட்ஹோல்ம் முதல் கோலை அடித்தபோதும், பிரேசில் 5-2 என வென்றது. 1966இல் இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணம் வென்று தந்த பயிற்றுநர் ஆல்ஃப் ராம்சிக்கு எட்டு ஆண்டுகள் முன்னரே ஓர் ஆங்கிலேயர் எட்டிய சிகரம் அது. ஆயினும் நாடு திரும்பியவருக்குக் கிடைத்தது ஸ்கெக்னெஸ் டவுன் என்னும் சிறு கிளப்பின் பொறுப்பு மட்டுமே. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ரேனரைப் பேசுவோர் 1958ஐயே முதலில் சொல்வர். என் கணிப்பில் 1950உம் 1952உமே அவருடைய உச்சம். நீங்கள் பொடியன்களாகப் பழக்கி எடுத்தவர்களை, நன்றாக ஆடத் தொடங்கியதும் விளையாட்டுப் பள்ளியோ மாநில இளையோர் அணியோ அழைத்துச் செல்கிறது. அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகளோடு அதே திடலில் நிற்கிறீர்கள். ரேனரின் ஆட்டங்களைப் படிக்க விரும்புவோர், அந்த இரண்டு ஆண்டுகளிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.