9,500 ஓட்டு கூடுதலாக விழுந்திருந்தால்? ஜெர்மனியின் கூட்டணிக் கணக்கு

[திரையில்: ஜெர்மன் வாக்குச்சீட்டு]

ஒரே சீட்டு, இரண்டு ஓட்டு. இடப்பக்கம் தொகுதி வேட்பாளருக்கு, வலப்பக்கம் கட்சிக்கு. நாடாளுமன்றமான புண்டஸ்டாக்கின் 630 இடங்களில் எந்தக் கட்சிக்கு எத்தனை என்பதைத் தீர்மானிப்பது வலப்பக்க ஓட்டு.

ஆனால் வாசற்படி ஒன்று உண்டு. நாடு முழுக்க 5 சதவீத ஓட்டு வேண்டும், இல்லையென்றால் 3 தொகுதிகளிலாவது ஜெயிக்க வேண்டும். (சிறுபான்மை இனத்தவரின் கட்சிக்கு மட்டும் விலக்கு.) தாண்டாத கட்சியின் ஓட்டு, இடப் பங்கீட்டில் சேராது. கூட்டணிக் கணக்கு புரள்வது இங்கேதான்.

2025 பிப்ரவரி 23 தேர்தலைப் பாருங்கள். பழமைவாத சி.டி.யூ.-சி.எஸ்.யூ. அணி 28.5 சதவீதம், தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. 20.8, சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி. 16.4. முந்தைய ஆட்சியில் பங்கு வகித்த தாராளவாதக் கட்சி எஃப்.டி.பி. 4.3 வாங்கி வெளியே போனது. இடதுசாரிக் கட்சியிலிருந்து பிரிந்த பி.எஸ்.டபிள்யூ. 4.98! சுமார் 9,500 ஓட்டுதான் குறைவு.

[திரையில்: கால்குலேட்டர்]

ஏ.எஃப்.டி.யுடன் சேர மற்றவர்கள் தயாரில்லை. சி.டி.யூ. அணியும் எஸ்.பி.டி.யும் சேர்ந்தால் 45 சதவீதம், பாதிகூட இல்லை. ஆனால் வாசற்படி தாண்டிய கட்சிகளின் மொத்தமே சுமார் 86. 45-ஐ 86-ஆல் வகுங்கள்: 52 சதவீதம். 328 இடம். பெரும்பான்மைக்கு 316 போதும். இப்போது பி.எஸ்.டபிள்யூ.வின் 5-ஐயும் சேர்த்து, 91-ஆல் வகுங்கள். 49! பசுமைக் கட்சியின் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அப்படி மூன்றாவது தரப்பைச் சேர்ப்பது எளிதல்ல: எஸ்.பி.டி.யின் ஷோல்ஸ் தலைமையில் மூன்று கட்சிகள் நடத்திய அரசு 2024 நவம்பரில் பட்ஜெட் சண்டையில் உடைந்துதான் இந்தத் தேர்தலே முன்கூட்டி வந்தது.

12 இடம் உபரி. அது எவ்வளவு மெல்லிய இழை என்பது 2025 மே 6 அன்று தெரிந்தது. அரசுத் தலைவரான சான்சலரின் தேர்வு ரகசிய வாக்கெடுப்பு. காலை வாரியது யார் என்று கட்சிக்கே தெரியாது. சி.டி.யூ. தலைவர் மெர்ஸுக்குக் கிடைத்தது 310. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில், சான்சலர் ஆக வேண்டியவர் முதல் சுற்றில் தோற்றது அதுவே முதல் முறை. அடிப்படைச் சட்டத்தின் (ஜெர்மனியின் அரசியல் சட்டம்) 63-வது பிரிவு அடுத்த முயற்சிக்கு 14 நாள் தருகிறது. அன்றைக்கே மறுபடி நடத்த அவை விதியைத் தளர்த்த வேண்டும்; அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. சி.டி.யூ. ஒதுக்கியே வைத்திருந்த இடதுசாரிக் கட்சியும் கைகொடுத்தது. இரண்டாம் சுற்றில் 325.

இதே மூன்றில் இரண்டு பங்குதான் அரசியல் சட்டத் திருத்தத்துக்கும்: 420. ஆளும் கூட்டணியோடு பசுமைக் கட்சியைச் சேர்த்தாலும் 413. அதனால்தான் அரசு வாங்கும் கடனுக்கான வரம்பைத் தளர்த்தும் திருத்தத்தை, புதிய அவை கூடுவதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 18-ல் பழைய அவையிலேயே நிறைவேற்றிக்கொண்டார்கள்.