உப்புநாட்டின் வாக்குச்சீட்டு

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக் கதை எழுதப் பழக்கி வருகிறேன். மூன்று மாதமாக நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். பெயர் உப்புநாடு. நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஒன்று வைத்த பெயர் அது. ஒரே கட்சி ஆளும் அந்த நாட்டின் நாற்பது வருட வரலாற்றை எழுதுவதுதான் வேலை.

முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் தொடங்கினார்கள். பொல்லாத தலைவர், பெரிய சிறைச்சாலை, தேர்தல் என்ற பேச்சே இல்லை. பிள்ளைகள், தேர்தலை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் இந்த நாட்டை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சொன்னேன்.

தன்சானியாவைப் பாருங்கள். 1965இல் அங்கே சட்டப்படியே ஒரு கட்சிதான் என்று ஆனது, அதே வருடம் பாராளுமன்றத் தேர்தலும் நடந்தது. பெரும்பாலான தொகுதிகளில் அந்த ஒரே கட்சியைச் சேர்ந்த இரண்டு பேர் போட்டி, ஒருவருக்கு மண்வெட்டிச் சின்னம், மற்றவருக்கு வீட்டுச் சின்னம். அமைச்சர்களே தோற்றார்கள். ஆளை மாற்றலாம், கட்சியை மாற்ற ஏலாது, 1992 வரைக்கும் இதுதான் நிலைமை. மண்வெட்டிக்குப் புள்ளடி போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துபோன ஒரு கமக்காரர் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருப்பாரா, எங்கட ஆள் வென்றுவிட்டார் என்று சந்தோசப்பட்டிருப்பாரா? உப்புநாட்டின் வரலாறு அந்த மனிதருடைய மனதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கென்யாவிலும் அப்போது ஒரே கட்சிதான், 1988இல் அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவுசெய்ய வாக்குச்சீட்டே கொடுக்கவில்லை, ஆதரிக்கிறவருக்குப் பின்னால் பகிரங்கமாக வரிசையில் நில் என்றார்கள். யார் எங்கே நிற்கிறார் என்று ஊரே பார்க்கும், அப்புறம் இரகசியம் ஏது?

மலாவியில் 1971இல், அந்த நாட்டை ஆண்டுவந்த ஹேஸ்டிங்ஸ் பண்டா ஆயுட்கால ஜனாதிபதி ஆனார். கட்சி அட்டை இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள், சந்தைக்குள்ளும் போக முடியாது என்ற நிலை அங்கே இருந்தது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பையன், மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை, மீன் கூடையோடு பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் ஒரு தாயை எழுதினான். அட்டை வீட்டில் மறந்துபோய்விட்டது, பஸ் போய்விட்டது, வெயில் ஏற ஏற மீன் பழுதாகிறது, அவ்வளவுதான் கதை. சிறைச்சாலை எழுதிய பக்கங்களை எல்லாம்விட அந்த ஒரு பக்கம் என்னை உலுக்கிவிட்டது. அதே மலாவியில் 1993 யூனில் சர்வசன வாக்கெடுப்பு வைத்தபோது பாதிக்கும் மேற்பட்ட சனம் பல கட்சி முறை வேண்டும் என்று வாக்களித்தது, அடுத்த வருடத் தேர்தலில் பண்டா தோற்றும் போனார். அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன், சொல்லாமல் விடுவது சரியில்லை.

இன்னொரு விசயம். சோவியத் ஒன்றியத்தில் உளவுத்துறையின் தலைவராக இருந்த லவ்ரெந்தி பெரியாவை 1953 டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு அரச கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்குத் தபாலில் புதுப் பக்கங்கள் வந்தன. பெரியாவைப் பற்றிய பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்தல். அந்தப் புதுப் பக்கங்களில், எழுத்து வரிசையில் பெரியாவுக்குப் பக்கத்தில் வரும் பெரிங் கடலைப் பற்றி நிறைய இருந்தது. வீட்டு மேசையில் இருந்து, சொந்தக் கையால், தன்னுடைய புத்தகத்தைத் தானே வெட்டுவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போன கிழமை ஒரு பிள்ளை அதை உப்புநாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவளுடைய கதையில் அம்மம்மா பக்கத்தை வெட்டுகிறார், ஆனால் எரிக்கவில்லை. எட்டாக மடித்து, அரிசிமாப் பேணியின் அடியில் வைத்து, மேலே மாவைக் கொட்டி மூடிவிடுகிறார். நாளைக்குச் சனிக்கிழமை. அந்தப் பேணியை யார் திறக்கப் போகிறார்கள் என்பதை நாங்கள் நாளைக்குத்தான் எழுத வேண்டும்.