சிரசு போகும் தெருவில் ஒரு கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் இருபத்தாறு வருஷம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். சினிமாப் பள்ளி எதிலும் படித்ததில்லை. சர்ரியலிசப் படங்களிலும் ஆவணப்படங்களிலும் ஓர் இயக்குநரின் பாணியை எப்படிப் படிப்பது என்று பேசக் கூப்பிட்டபோது, ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், கல்யாண வீடியோவைவிடப் பெரிய சர்ரியலிசம் எது? தொண்ணூறுகளில் எடுத்த கேசட் வீட்டில் இருந்தால் போட்டுப் பாருங்கள். ரோஜாப் பூ விரியும், அதற்குள்ளிருந்து மணப்பெண்ணின் முகம் வரும். மாப்பிள்ளை நயாகரா அருவிக்கு மேலே நின்று சிரிப்பார். மனிதர் ஆம்பூரைத் தாண்டியிருக்க மாட்டார். அதே கேசட்டில் சாம்பார் வாளியோடு ஓடும் பையனும், பந்தியில் இடம் கிடைக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும் பெரியப்பாவும் இருப்பார்கள். இத்தனை வருஷம் கழித்து ஜனங்கள் ரோஜாப் பூவை வேகமாக ஓட்டிவிட்டுப் பந்தியைத்தான் பார்க்கிறார்கள். செத்துப்போன சித்தப்பா அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

சர்ரியலிசம் என்ற சொல்லுக்குத் தமிழில் நாலைந்து பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சர்ரியலிசம் என்றே சொல்லிவிடுகிறேன். 1924-இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் அதற்கு ஓர் அறிக்கை எழுதினார். கனவுக்கும் நனவுக்கும் நடுவே இருக்கிற சுவரை உடைக்க வேண்டும் என்பது சுருக்கமாக அவர்கள் கட்சி. நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 'தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்' என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய வசனம் உண்டு. பாலாறும் கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் தெரிந்தவர்களுக்கு அது வெறும் தகவல். வெளியூர்க்காரனுக்கு அதுவே கனவு மாதிரி கேட்கும். 1981-இல் கோயிலுக்குச் சாமி வந்துவிட்டார், வசனம் மட்டும் மாறவில்லை. அதில் இன்னும் சில அடிகள் உண்டு. அவை வானொலியில் சொல்லும்படியானவை அல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ஸ்டுடியோ மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களும் பெண்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் படம் பார்க்க வருவார்கள். சர்ரியலிசம் என்றதும் அவர்கள் எதிர்பார்ப்பது விநோதமான கோணம், சுழலும் கேமரா, கலர் கலராக வெளிச்சம். ஆவணப்படம் என்றால் ஆடாமல் அசையாமல் இருக்கும், தூக்கம் வரும். அவர்களுக்கு நான் முதலில் 1929-ஆம் வருஷத்தைக் காட்டுவேன். அந்த ஒரே வருஷத்தில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று சோவியத் நாட்டில் ஜிகா வெர்தோவ் எடுத்த 'மூவி கேமராவோடு ஒரு மனிதன்'. நடிகர் கிடையாது, கதை கிடையாது, தெருவும் தொழிற்சாலையும் ஜனங்களும்தான். ஆவணப்படம். ஆனால் அதில் இல்லாத வித்தை கிடையாது. திரை இரண்டாகப் பிளக்கும், ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறும், கேமரா தானே முக்காலியில் ஏறிக்கொண்டு நடக்கும். படத்தைத் தொகுத்த அவர் மனைவி எலிசவேத்தா ஸ்வீலோவா, பிலிம் துண்டுகளை எடுத்து ஒட்டுவதும் படத்துக்குள்ளேயே வரும்.

இன்னொன்று லூயி புனுவெல், ஓவியர் சால்வதோர் தாலியோடு சேர்ந்து எழுதி எடுத்த 'ஓர் அந்தலூசிய நாய்'. அறிவுக்குப் பொருந்துகிற விளக்கம் சொல்ல முடிகிற எந்தப் படிமமும் வேண்டாம் என்று இரண்டு பேரும் விதி வைத்துக்கொண்டு எழுதியது. தாலி கனவில் கண்ட, உள்ளங்கையில் ஊரும் எறும்புகள். புனுவெல் கனவில் கண்ட, நிலாவை அறுத்துக்கொண்டு போகும் மேகம். படத்தைப் புனுவெல் தன் அம்மா கொடுத்த பணத்தில் எடுத்தார். பாரிஸில் முதல் காட்சி அன்று திரைக்குப் பின்னால் கிராமபோனில் இசைத்தட்டு போட்டுக்கொண்டு நின்றதாகவும், ஜனங்கள் அடிக்க வந்தால் எறிவதற்குச் சட்டைப் பையில் கூழாங்கற்கள் வைத்திருந்ததாகவும் அவரே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஜனங்கள் கை தட்டினார்கள். கல் வீணாய்ப் போயிற்று.

அந்தப் படத்தில் ஒரு பெண்ணின் கண்ணை அறுக்கும் காட்சியை எல்லாரும் சொல்வார்கள். செத்த கன்றுக்குட்டியின் கண் அது. அந்தக் காட்சி போனபிறகு கேமரா என்ன செய்கிறது என்று பாருங்கள் என்பேன். பெரும்பாலும் கண் மட்டத்தில், நேராக, ஏதோ குடும்பச் சண்டையைப் படம் பிடிப்பதுபோல் நிற்கிறது. ஒன்றில் ஒன்று கரையும் இடங்கள் கொஞ்சம் உண்டு. ஆனால் வெர்தோவ் பக்கத்தில் வைத்தால் புனுவெல் பரம சாது. 'பதினாறு வருஷங்களுக்கு முன்னால்' என்று கார்டு போடுவார், அறை அப்படியே இருக்கும், ஒன்றும் மாறியிருக்காது. கனவு எடுத்தவர் கேமராவை அடக்கி வைத்திருக்கிறார், தெருவை எடுத்தவர் அவிழ்த்து விட்டிருக்கிறார். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் பையன்களுக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதிக்கு நான் போடும் படமும் புனுவெலுடையதுதான். ஆவணப்படம். 1933-இல் ஸ்பெயின் நாட்டின் மேற்கே, லாஸ் ஊர்தெஸ் என்ற மலைப் பகுதியின் வறுமையைப் பற்றி எடுத்தது. 'ரொட்டியில்லாத நிலம்' என்று இன்னொரு பெயர். பணம் வந்த கதை வேடிக்கை. ரமோன் அசீன் என்கிற ஆசிரியர், லாட்டரி விழுந்தால் உன் படத்துக்குப் பணம் தருகிறேன் என்று விளையாட்டாகச் சொன்னார். விழுந்துவிட்டது. சொன்னபடி கொடுத்தும்விட்டார். நம் ஊரில் 2003-க்கு முன்னால் லாட்டரிச் சீட்டு வாங்காத டீக்கடை கிடையாது. அப்படி வாக்குக் கொடுத்தவர்கள் எத்தனை பேரையோ நானும் பார்த்திருக்கிறேன். அசீனை 1936-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதுமே சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இந்தப் படத்தை மூன்று தடவை பார்க்க வைப்பேன். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு. மூன்றாவது தடவை திரையில் துணி போட்டு மூடிவிட்டுச் சத்தம் மட்டும், அதாவது இப்போது நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பது போல. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஷாட் மாறும்போதெல்லாம் ஒரு கோடு போட வேண்டும், கேமரா யாருடைய உயரத்தில் நிற்கிறது என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். இவ்வளவுதான் என் பாடத்திட்டம்.

படத்தில் ஓர் ஆடு வரும். இங்கே ஜனங்கள் ஆட்டுக்கறி சாப்பிடுவது, பாறையிலிருந்து ஆடு தவறி விழுந்தால்தான் என்கிறது வர்ணனைக் குரல். உடனே ஓர் ஆடு விழுகிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் ஐயோ என்பார்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால், திரையின் வலது ஓரத்தில் சின்னதாகப் புகை தெரியும். துப்பாக்கிப் புகை. அதற்கடுத்த ஷாட்டில் அந்த ஆடு உருள்வது மேலேயிருந்து தெரியும். இங்கேதான் என் தொழில் எனக்கு உதவியது. தாலி கட்டுவதை இரண்டு கோணத்தில் காட்ட வேண்டுமானால் இரண்டு கேமரா வேண்டும், இல்லையென்றால் மறுபடி கட்டச் சொல்ல வேண்டும். தற்செயலாக விழுந்த ஆட்டுக்கு எங்கேயிருந்து இரண்டாவது கோணம் வரும்?

தாலியை மறுபடி கட்டச் சொன்னதில்லை. மாலை மாற்றுவதை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறேன். லைட் பாய் ஹாலஜனை எரிய விடாமல் விட்ட நாட்களில், ஐயரே ஒரு நிமிஷம் என்று முகூர்த்தத்துக்குக் குறுக்கே நின்றிருக்கிறேன். அதனால் ராபர்ட் பிளாஹர்ட்டி 1922-இல் எஸ்கிமோக்களைப் பற்றி 'நானூக்' எடுத்தபோது, வெளிச்சம் போதாதென்று பனி வீட்டைப் பாதியாக வெட்டி வைத்து, அதற்குள் குடும்பத்தைத் தூங்கச் சொன்னார் என்று படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஆட்டைச் சுட்டது வேறு. அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கலைஞன் என்று சொல்லி எல்லாவற்றையும் மன்னிக்கிறவர்களோடு ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் மன்னிக்காமலே கற்றுக்கொள்ளலாம். மூன்றாவது தடவை சத்தம் மட்டும் கேட்கும்போது ஒன்று பிடிபடும். அந்தக் குரலில் இரக்கமே இல்லை. பூகோளப் புத்தகம் வாசிப்பதுபோல் வாசிக்கிறது. பின்னால் பிராம்ஸின் நாலாவது சிம்பொனி, ஏதோ பெரிய மாளிகையில் வாசிப்பதுபோல் கம்பீரமாக ஓடுகிறது. படத்தில் வெறுங்கால் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பையன் எழுந்து கரும்பலகையில் எழுதுகிறான்: அடுத்தவர் உடைமையை மதியுங்கள். குரல் அதையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. கண் அறுக்கும்போது இருந்த அதே முகம், உணர்ச்சி காட்டாத முகம், இங்கேயும். எடுத்த விஷயம் கனவா, பஞ்சமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிடரியைப் பிடித்து அழு என்று சொல்லாத இந்தக் குணத்தைத்தான் நான் புனுவெலின் பாணி என்பேன். மெக்சிகோவில் 1962-இல் அவர் எடுத்த ஒரு கதைப்படத்தில், விருந்தாளிகள் வீட்டுக்குள் நுழையும் காட்சி இரண்டு முறை வரும். தொகுத்த படத்தைப் பார்த்து ஒளிப்பதிவாளரே பதறிப்போய், காட்சி தவறுதலாக இரண்டு தடவை ஒட்டியிருக்கிறது என்று ஓடி வந்தாராம். இரண்டையும் எடுத்தவரே அவர்தான். என்னிடம் வந்த மிக்ஸிங் பையனும் இப்படித்தான் எத்தனையோ நாள் ஓடி வந்திருக்கிறான். அது உண்மையிலேயே தப்பு.

இந்தப் பக்கத்துக்காரர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு படம் ஜார்ஜ் பிரான்ஜு 1949-இல் எடுத்த 'மிருகங்களின் இரத்தம்'. பாரிஸின் அடிதொட்டிகளை, அதாவது மிருகங்களை வெட்டும் கூடங்களைப் பற்றிய சின்ன ஆவணப்படம். ஊர் எல்லையில் ஒரு பொட்டலில் தொடங்கும். பழைய சாமான் கிடக்கும், மரக்கிளையில் ஒரு விளக்கு மூடி தொங்கும். கண்ணைக் கவரும் கனவுப் படம் மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக் குதிரையைக் கூட்டி வருவார்கள். அப்புறம் நடப்பதைக் காலையில் ரேடியோ கேட்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. பொட்டலுக்கு ஒரு பெண் குரல் மென்மையாகப் பேசுகிறது, வெட்டுக்கு ஓர் ஆண் குரல் கணக்குப் பிள்ளை மாதிரி பேசுகிறது. வசனம் எழுதியவர் ஜான் பென்லவே. கடல் குதிரையில் ஆண் பிள்ளை பெறுவதைப் படமெடுத்த விஞ்ஞானி அவர். சர்ரியலிஸ்டுகள் கொண்டாடிய மனிதர். நிஜத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் போதும், விநோதம் தானாக வரும் என்பதற்கு அந்தக் கடல் குதிரையே சாட்சி.

மாடியில் இதைப் போட்ட அன்று பாதிப் பேர் எழுந்து கீழே போய்விட்டார்கள். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒருவர் மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "தம்பி, அந்த ஆளு கத்தியை எப்படிப் புடிச்சிருக்கான் பார்த்தியா, தோல்ல ஒரு கீறல் விழல" என்றார். நாங்கள் எல்லாரும் இரத்தத்தைப் பார்த்தோம். அவர் கையைப் பார்த்தார். இரண்டாவது தடவை போட்டபோது நோட்டில் கோடு போட்டுப் பார்த்தேன். பிரான்ஜுவும் கையைத்தான் பார்த்திருக்கிறார். வேலை முடிகிறவரை ஷாட்டை வெட்டாமல் காத்திருக்கிற இடங்கள் எல்லாம் கை வேலை நடக்கிற இடங்கள்.

இந்திய ஆட்களைச் சொல்லாமல் போகக் கூடாது. முன்பெல்லாம் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் போடுவார்களே, அந்த பிலிம்ஸ் டிவிஷனில் பிரமோத் பதி என்று ஒருவர் இருந்தார். 1968-இல் 'எக்ஸ்ப்ளோரர்' எடுத்தார். கண் சிமிட்டினால் நாலு ஷாட் போய்விடும். அரசாங்கப் பணத்தில் இவ்வளவு கிறுக்கா என்று இருக்கும். அவர் வெர்தோவ் கட்சி. மணி கவுல் 1980-இல் அதே நிறுவனத்துக்காக எடுத்த 'அரைவல்' வேறு மாதிரி. பம்பாய்க்கு வந்து சேரும் கூலியாட்கள், காய்கறி, ஆடுகள். பிரான்ஜு படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

போன வருஷம் மாடிக்கு வருகிற பையன் ஒருவன் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் படம் எடுத்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வைகாசி முதல் தேதி, தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாகக் கிளம்பும். கோபாலபுரம் போய்ச் சேர்ந்ததும் அங்கே காத்திருக்கும் உடலில் அதைப் பொருத்துவார்கள். பரசுராமன் அம்மா தலையை வெட்டி, திரும்ப ஒட்டும்போது வேறொரு உடலில் ஒட்டிய கதை. வழியெல்லாம் சூறைத் தேங்காய். ஒரு வருஷம் தெறித்த ஓடு பட்டு என் லென்ஸ் போயே போய்விட்டது. பாரிஸில் யாராவது இதைக் கனவு கண்டு எழுதியிருந்தால் உலகம் முழுக்கப் பாடமாக வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது பஸ் மாற்றி விடுகிற நாள்.

பையன் முதலில் கொண்டுவந்த படத்தில் ஸ்லோ மோஷன், சிவப்பு ஃபில்டர், எங்கேயோ இறக்கிய உடுக்கைச் சத்தம், நெருப்பு எல்லாம் இருந்தது. என்னுடைய ரோஜாப் பூவேதான், கலர் மட்டும் வேறு. திட்டவில்லை. எடுத்ததையெல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டுப் போடச் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஓடியது. ஓர் இடத்தில், "இது வேண்டாம் சார், கேமராவை ஆன் பண்ணி மாடிச் சுவர்மேல வெச்சிட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டேன்" என்று தாண்டப் பார்த்தான். நிறுத்தச் சொன்னேன்.

கீழே தெரு. ஆயிரக்கணக்கான கறுத்த தலைகள். நடுவில் மாலையும் மஞ்சளுமாக ஒரே ஒரு தலை, பெரிய தலை, மெதுவாக இடமிருந்து வலமாகப் போகிறது. ஓரத்தில் ஒருவர் கரும்பு ஜூஸ் பிழிந்துகொண்டிருக்கிறார். அம்மன் கிட்டே வரும்போது இயந்திரத்தை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மறுபடி சக்கரத்தைச் சுற்றி, காத்திருந்தவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறார். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு நிமிஷம் பத்து வினாடி. வெட்டு எதுவும் கிடையாது.

அந்த ஷாட்டுக்கு முன்னால் என்ன வைப்பது, பின்னால் என்ன வைப்பது என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறான்.

நன்றி, வணக்கம்.